ரெக்கார்டு ரூமுக்குப் போற மருமவனுக்கு

மருமவனே, உனக்குத் தாலுகா ஆபீசுல ரெக்கார்டு செக்சன் போட்டிருக்காங்கன்னு உங்க அம்மை வந்து ஒரே அழுகை. "குரூப் ஃபோர் எழுதிப் பாசான பிள்ளையப் பிடிச்சு கரப்பான் பூச்சிக்குக் காவல் போட்டுட்டாங்களே அண்ணே"ன்னு மூக்கைச் சிந்துதா. அவளுக்கு ஒரு காப்பியக் குடுத்து உக்கார வெச்சேன். "ஏ கிறுக்கி, உம் மவனுக்குப் பட்டம் கட்டியிருக்காங்க, அதுக்குப் போய் அழுதியே"ன்னேன். அவ நம்பல. நீயும் நம்ப மாட்டே. உனக்குப் பட்டா செக்சன் கெடைக்கலையேன்னு வருத்தம். அங்க என்ன இருக்குன்னு எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், லஞ்ச ஒழிப்புக்காரனுக்கும் தெரியும். அதை விடு.

தலையாரியா இருந்து நரைச்சவன் சொல்லுதேன், கேளு. கலெக்டரு வருவாரு, போவாரு. தாசில்தாரு நாற்காலியில நல்லாச் சாயுறதுக்குள்ள மாறுதல் உத்தரவு வந்துரும். ஆர்.ஐ., வி.ஏ.ஓ. எல்லாருக்கும் அதே கதைதான். ஆனா எந்த ரேக்குல எந்தக் கட்டுக்குள்ள என்ன கெடக்குன்னு தெரிஞ்ச ரெக்கார்டு கிளார்க்க எவனாலயும் அசைக்க முடியாது. ஐகோர்ட்டு மதுரைக் கிளையில நாளைக்கு வாய்தா, கவுண்ட்டர் போடணும், பழைய கோப்பக் காணும்னா தாசில்தாரே உன் மேசை முன்னாடி வந்து நிப்பாரு. நீ லீவுல இருந்தா ஜீப்பு வீடு தேடி வரும். தெருவே எட்டிப் பாக்கும். உங்க அம்மைக்கு இதைவிடப் பெருமை வேணுமா?

அந்தப் பெருமை நெலைக்கணும்னா ஒண்ணு செய்யி. அட்டவணை கிட்டவணைன்னு எதையும் எழுதித் தொலைச்சிராத. எல்லாம் உன் மண்டைக்குள்ளயே இருக்கட்டும். எழுதி வெச்சா நாளைக்கு வார புதுப் பையன்கூட நேராப் போய் எடுத்துருவான். அப்புறம் ஜீப்பு ஏன் வரப்போவுது?

ஒரு கோப்பைத் தொலைக்கணும்னா கிணத்துல போடணும், தீ வெக்கணும்னு நெனைக்கிறவன் விவரம் கெட்டவன். நல்ல ஆபீசுல கோப்பைப் பேனாவாலயே தொலைப்பாங்க. மேல 'பொருள்'னு ஒரு வரி இருக்கு பாரு, அங்க 'மனு - தொடர்பாக'ன்னு எழுது. வேலை முடிஞ்சுது. தாலுகா ஆபீசுக்கு வாரது பூராவும் மனுதான். அத்தனை மனுவுக்கும் அதே தலைப்பு. கொஞ்சம் மெனக்கெடுறவன் 'நிலம் - தொடர்பாக'ன்னு எழுதுவான். தாலுகாவுல நிலத்தைத் தவிர வேற என்னய்யா இருக்கு?

நான் வேலையில இருந்த காலத்துல, ஊரு பேரு வேண்டாம், ஒரு ஓடைப் புறம்போக்கை ஒரு பெரிய மனுசன் வளைச்சு வாழை வெச்சுட்டாரு. ஊர்க்காரங்க மனுக் குடுத்தாங்க. சர்வேயர் வந்து அளந்தாரு, சங்கிலியோட ஒரு முனையை நான்தான் பிடிச்சேன். ஆக்கிரமிப்புத்தான்னு ஆகி பி மெமோ போட்டாச்சு, ஏழாம் பிரிவு நோட்டீசும் போச்சு. அதுக்கப்புறம் கோப்பைக் காணும். வாழை குலை தள்ளி, வெட்டி, பக்கக்கன்னு வளந்து அதுவும் குலை தள்ளிட்டு. கோப்பு மட்டும் வரல. பெரிய மனுசன் காசு குடுத்துத் தூக்கிட்டாருன்னு டீக்கடை பூராவும் பேச்சு. குடுத்தாரோ என்னவோ, நான் பாக்கல.

பல வருசம் கழிச்சு அது ஒரு தேர்தல் கட்டுக்குள்ள இருந்து வந்துச்சு. எப்படின்னு கேளு. அந்த சீட்டுல இருந்த கிளார்க்கைத் திடீர்னு தேர்தல் வேலைக்கு எடுத்திருக்காங்க. மனுசன் போற அவசரத்துல மேசை மேல கெடந்ததை எல்லாம் வாரிச் சேத்து ஒரே கட்டாக் கட்டி, அட்டையில 'தேர்தல்'னு சாக்பீசால எழுதிட்டுப் போயிட்டாரு. அவருக்கு அடுத்து வந்தவரு பொறுப்பு எடுத்தப்ப கட்டைப் பிரிச்சுப் பாக்கல. அட்டையை மட்டும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரு. தேடுனவங்க எவனாவது தப்பித்தவறி அந்தக் கட்டைப் பிரிச்சிருந்தாலும் 'மனு - தொடர்பாக'ன்னு இருந்த கோப்பைத் தள்ளிட்டு அடுத்ததைத்தான் பாத்திருப்பான். பெரிய மனுசனுக்கு ஒத்தப் பைசா செலவில்லாம ஓடை சொந்தமாச்சு. கெட்டவன் ஒருத்தன்கூட வேண்டியிருக்கல பாத்தியா, சோம்பேறி ரெண்டு பேரே போதும்.

தலைப்புல வருவாய் கிராமம், புல எண், உட்பிரிவு, என்ன விவகாரம், அது என்ன ஆச்சு, இவ்வளவும் ஒரு வரியில எழுதுறதுக்கு அரை நிமிசம் ஆகும். அந்த அரை நிமிசத்துல நீ ஒரு ரீல்ஸ் பாத்துரலாம். யோசிச்சுக்கோ.

ஆபீசு நடைமுறைன்னு ஒண்ணு சொல்லிக்குடுப்பாங்க. தொட்டன்ஹாம் முறைம்பாங்க. வெள்ளைக்காரன் காலத்துல சென்னை மாகாணத்து ஆபீசுகளுக்குன்னு ஏற்படுத்துனது; துரை போயிட்டாரு, அவரு போட்ட கோடு அப்படியே நிக்கி. தபால் வந்ததும் நம்பர் விழணும், பகிர்மானப் பதிவேட்டுல ஏறணும், கிளார்க்கோட தன்பதிவேட்டுல பதியணும். அந்தத் தாளு எங்க போச்சு, எப்பத் திரும்பி வந்துச்சு, யாருக்கு நினைவூட்டு போச்சுன்னு கட்டம் கட்டமா நிரப்பணும். முடிஞ்சா முடிவு எண்ணு போட்டு ரெக்கார்டு ரூமுக்கு வரணும். துரைக்கு நம்மளப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு. எங்க எங்க ஒளிப்போம்னு யோசிச்சு அங்கல்லாம் ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்காரு. நம்மாளு அதைவிடக் கெட்டிக்காரன், 'சுற்றில் உள்ளது'ன்னு ஒரு வார்த்தை கண்டுபிடிச்சான். கோப்பு எங்கன்னு கேட்டா சுற்றில் இருக்கு. எங்க சுத்துது, யாரு சுத்துதாங்கன்னு மட்டும் கேக்கப்படாது.

உனக்கு அதுல வேலை கடைசிக் கட்டத்துலதான். ஆனா அங்கதான் சூட்சுமம். ரேக்குல இருந்து ஒரு கோப்பு வெளிய போனா அது இருந்த எடத்துல ஒரு சீட்டு நிக்கணும். எந்த எண்ணு, யாரு வாங்குனா, என்ன தேதி, எதுக்கு, கையெழுத்து. அடகுக் கடைக்காரன் சொந்தத் தம்பிக்கும் சீட்டு இல்லாம நகையைத் திருப்பித் தர மாட்டான். அவன் கடை தலைமுறை தலைமுறையா நடக்கு. நம்ம ஆபீசுல "சும்மா பாத்துட்டுத் தாறேன்"ன்னு ஒரு ஆளு வருவாரு. மேலதிகாரியா இருப்பாரு, இல்லேன்னா மேலதிகாரிக்கு வேண்டியவரா இருப்பாரு. சும்மா பாக்குறதுக்குன்னு வாங்குனது சாயங்காலம் அவரு ஸ்கூட்டர் டிக்கிக்குள்ள ஏறி வீட்டுக்குப் போவும். பெறகு அவருக்கு மாறுதல் வரும், சாமான் செட்டோட கோப்பும் அடுத்த ஊருக்குப் போவும். பத்து வருசம் கழிச்சு விளக்கம் கேட்டு மெமோ வாரது உனக்கு.

பெரியவங்ககிட்ட கையெழுத்துக் கேட்டா அவங்களுக்குச் சுருக்குன்னு வரும். "என்னய நம்பலையா"ம்பாங்க. அதுக்கு ஒரு வழி இருக்கு. எங்க தாலுகாவுல ஒரு ரெக்கார்டு கிளார்க் இருந்தாரு, கண்ணாடியை நூலால கட்டியிருப்பாரு. கோப்பு கேட்டா மறுபேச்சே கிடையாது, உடனே எடுப்பாரு. தூசியத் தட்டுவாரு. சீட்டுல எல்லாத்தையும் அவரே எழுதி, கோப்பு மேல வெச்சு, மூடியைக் கழட்டுன பேனாவையும் அது மேல வெச்சு, ரெண்டு கையாலயும் ஏந்திக் குடுப்பாரு. வாங்குறவரு பேனாவைக் கையில எடுக்காம கோப்பை எடுக்க முடியாது. பேனா கைக்கு வந்துட்டா கையெழுத்துப் போட்டுத்தானே ஆவணும்? அந்த மனுசன் ரிட்டையராகி வந்தப்ப ஒரு கோப்புக்குக்கூட மெமோ வாங்கல. ஆனா ஜீப்பும் அவரு வீட்டுக்கு வந்ததே இல்ல. பாவம்.

இனி எதை வெச்சுக்கிடணும், எதைக் கழிக்கணும்னு ஒரு விவகாரம் இருக்கு. கோப்பு முடியும்போதே அதுக்கு ஆயுசு எழுதிருவாங்க. எல்.டிஸ்.னா ஒரு வருசம், கே.டிஸ்.னா மூணு, டி.டிஸ்.னா பத்து, ஆர்.டிஸ்.னா என்னைக்கும் இருக்கணும். ஆயுசு முடிஞ்சதைப் பட்டியல் போட்டு, மேல உத்தரவு வாங்கி, கழிச்சுக் கட்டணும். சொல்லக் கேக்க நல்லாத்தான் இருக்கு. நடப்பு என்னன்னா, ஆயுசு எழுதுற கிளார்க்குக்குப் பயம். ஒரு வருசம்னு எழுதி, நாளைக்கு ஆடிட்டுக்காரன் கேட்டா? அதனால எல்லாத்துக்கும் நிரந்தரம். எவனோ ஒருத்தன் மூணு நாள் காய்ச்சல்னு குடுத்த லீவு லெட்டரு நிரந்தரம். காலண்டர் வாங்குன ரசீது நிரந்தரம். ரேக்கு நெறைஞ்சு, ரேக்குக்கு மேல ஏறி, நடைபாதைக்கு எறங்கி, கடைசியில நெசமாவே நிரந்தரமா இருக்க வேண்டிய நில ஒப்படைக் கோப்பு எல்லாத்துக்கும் அடியில போயிரும். அப்புறம் கழிக்கிற வேலையைக் கரையான் எடுத்துக்கிடும். அது மேலிடத்து உத்தரவுக்கெல்லாம் காத்திருக்காது. எல்.டிஸ்., ஆர்.டிஸ். பாக்கத் தெரியாது. அடியில இருந்துதான் ஆரம்பிக்கும்.

கரையானை விட வேகமானது தண்ணி. 2023 டிசம்பர்ல தாமிரவருணி வெள்ளம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசு வளாகத்துக்குள்ளயே வந்துச்சு, உனக்கு ஞாவகம் இருக்கும். அதனால அடித்தட்டைக் காலியாப் போட்டு வை. எடமில்லையேன்னு சொல்லாத, எடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிறது அந்தக் காய்ச்சல் லெட்டருதான். நனைஞ்ச கட்டு கையில கெடைச்சா வெயில்ல போட்டுக் காய வெக்காத. தாளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெட்டியாப் போயிரும். நெழல்ல விரிச்சு, ஃபேனைப் போட்டுக் காய விடு.

கழிக்கிறதைப் பத்திச் சட்டமும் உண்டு. டெல்லியில 1993-ல ஆவணச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. மத்திய அரசு ஆபீசு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆவண அதிகாரி இருக்கணும், முறை தவறி ஆவணத்தை அழிச்சா அஞ்சு வருசம் வரைக்கும் செயிலு, இல்லேன்னா பத்தாயிரம் ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும்கூட உண்டு. 1892-க்கு முந்தின தாளுன்னா, சிதைஞ்சு ஒண்ணுக்கும் ஆவாதுன்னு ஆவணக் காப்பகத்துத் தலைமை சொன்னாலொழிய அழிக்கவே கூடாது. அந்தச் சட்டம் மத்திய அரசுக்குத்தான், நம்ம தாலுகா ஆபீசைக் கட்டாது. உடனே சந்தோசப்படாத. பழைய தாளு கையில கெடைச்சா எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம்னு ஒண்ணு இருக்கு, 1909-ல கட்டுன செவப்புக் கட்டடம். 1670-லருந்து உள்ள காகிதத்தையெல்லாம் அங்க வெச்சிருக்காங்க. கம்பெனிக்காரன் மொளகுக்குப் போட்ட கணக்கு அங்க பத்திரமா இருக்கு. போன ஆட்சியில நாம குடுத்த மனு எங்க இருக்குன்னு தெரியல.

அந்தக் காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சுன்னு சொல்லுற கெழடுங்க பேச்சை நம்பாத, என்னையும் சேத்துத்தான். கர்ணம் இருந்தாரே, கிராமக் கணக்கு பூராவும் அவரு வீட்டுப் பரண்ல. அடங்கலும் சிட்டாவும் அவங்க அப்பா அவருக்குக் குடுத்தது, அவரு அவரு மவனுக்குக் குடுக்கப் போறது. எந்தப் புஞ்சை யாருதுன்னு கேட்டா புத்தகத்தைப் பிரிக்காம வானத்தைப் பாத்துச் சொல்லுவாரு. சரியாத்தான் சொல்லுவாரு, நீ அவரை நல்லபடியாக் கவனிச்சிருந்தா. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். ஒரு அவசரச் சட்டத்தைக் கொண்டாந்து பரம்பரை மணியம், கர்ணம் எல்லாத்தையும் ஒரே நாள்ல ஒழிச்சாரு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 1982-ல அரசாங்கம் செஞ்சது சரிதான்னு தீர்ப்பாச்சு. பரண்ல இருந்து புத்தகத்தை எறக்கிக் கொண்டு போனாங்க. வானத்தைப் பாத்துச் சொன்னதை எப்படி எறக்குறது? பரீட்சை எழுதி வந்த புது வி.ஏ.ஓ. பையன் புத்தகத்தைப் பிரிச்சா, பல எடத்துல பென்சில்ல ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்னு கர்ணத்துக்குத்தான் தெரியும். கர்ணம் கோபத்துல இருக்காரு. நான் போய்க் கெஞ்சி, அவருக்கு வெத்திலை வாங்கிக் குடுத்து, ஒரு புள்ளிக்கு ஒரு கவுளின்னு அர்த்தம் கேட்டுட்டு வருவேன்.

இப்ப உனக்கு மண்டைக்குள்ள எல்லாத்தையும் வெச்சுக்கோன்னு சொன்னேன்ல, அந்த யோசனையைக் கர்ணத்துக்கிட்டருந்துதான் படிச்சேன்.

அதே காலத்துலதான் யு.டி.ஆர். நடந்துச்சு. 1979-ல ஆரம்பிச்சு 1987 வரைக்கும், நில உடைமைப் பதிவையெல்லாம் புதுப்பிச்சாங்க. நல்ல வேலை, பெரிய வேலை. ஆனா அவசரத்துல எழுதுன எடத்துல அப்பன் பேரு மவனுக்கும், மவன் பேரு பங்காளிக்கும் போயிருச்சு. இனிஷியல் ஒண்ணு மாறுனாப் போதும், ரெண்டு தலைமுறைக்கு வக்கீல் குடும்பம் சாப்புடும். இப்பமும் டி.ஆர்.ஓ. ஆபீசு வாசல்ல 'யு.டி.ஆர். பிழை திருத்தம்'னு மனுவைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிற கிழவனுங்களைப் பாரு. பெறகு கம்ப்யூட்டர் வந்துச்சு, 'தமிழ் நிலம்' வந்துச்சு. வீட்டுல இருந்தே பட்டா எடுத்துரலாம், ராத்திரி பன்னெண்டு மணிக்கும் எடுத்துரலாம். மெய்யாவே பெரிய காரியம், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா தப்பா இருந்த பேரைத் தப்பாவே ஏத்திட்டாங்க. முன்ன அந்தத் தப்பு மங்குன மையில, பூச்சி அரிச்ச தாள்ல இருந்துச்சு. பாத்தவனுக்கே சந்தேகம் வரும். இப்ப பளிச்சுன்னு கியூ.ஆர். கோடோட வருது. எவன் சந்தேகப்படுவான்?

மாத்தி ஏத்துறது எப்படின்னு சோழனைப் பாத்துப் படிக்கணும். ரிட்டையரான பெறகு நூலகத்துல உக்காந்து படிச்சதுல சொல்லுதேன். திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரிச்சுக் கட்டணும்னு ராசராசன் உத்தரவு போட்டான். பிரிக்கிறதுக்கு முன்னாடி, சுவத்துல இருக்கிற கல்வெட்டையெல்லாம் புத்தகத்துல பாத்து எழுதிக்கிடச் சொன்னான். கட்டி முடிச்சு, அவன் மவன் ராசேந்திரன் காலத்துல அதைத் திரும்பக் கல்லுல வெட்டுனாங்க. இடிக்கிறதுக்கு முன்னாடி நகல் எடுத்திருக்கான் மருமவனே! நம்மாளு ஆபீசு மாத்துறப்ப லாரியில ஏத்தி, மழையில நனைச்சு, எறக்குற எடத்துல பாதியைக் காணும்னு மகசர் எழுதுவான். சோழனுக்குப் புரவுவரித் திணைக்களம்னு தனி இலாகாவே இருந்துச்சு. வரிப்பொத்தகம்னு ஒரு உத்தியோகம், பட்டோலைன்னு ஒரு உத்தியோகம். உன் உத்தியோகத்துக்கு ஆயிரம் வருசப் பரம்பரை இருக்குன்னு உங்க அம்மைக்கிட்டச் சொல்லு.

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பத்தி எல்லாரும் மேடையில பேசுவாங்க. முதலாம் பராந்தகன் காலம், 921. குடவோலை, ஜனநாயகம்னு கை தட்டு வாங்குவாங்க. அதுல கீழ ஒரு விசயம் இருக்கு, அதை மட்டும் எந்த மேடையிலயும் சொல்ல மாட்டாங்க. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாம போனவன் பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடக்கூடாது. அவன் பேரை மட்டுமா? அவன் சித்தி பெரியம்மை மக்கள், அத்தை மக்கள், மாமன், மச்சான், மாமனார், மருமவன்னு பெரிய சுற்றத்துக்கே தடை. ஒருத்தன் கணக்குக் குடுக்கலேன்னா சாதிசனம் பூராவும் அவனைக் கரிச்சுக் கொட்டும். அந்த விதியை இப்பக் கொண்டாந்தா நம்ம பஞ்சாயத்துல நிக்க ஆளு கெடைக்குமான்னு யோசிச்சுப் பாத்தேன். நம்ம தெருவுலயே ஒரே ஒரு வீடு தேறுச்சு. அவங்க போன மாசம்தான் வெளியூர்லருந்து வந்து குடியேறுனவங்க.

தகவல் உரிமைச் சட்டம் 2005-ல வந்துச்சு. ஆபீசுல அதைப் பாத்துப் பயப்படாதவன் இல்ல. ஒரு பத்து ரூவா ஸ்டாம்ப ஒட்டி எழுதிப் போட்டுட்டா முப்பது நாளைக்குள்ள பதில் வந்தாவணும். காரணமில்லாமத் தாமதிச்சா ஒரு நாளைக்கு 250 ரூவா, 25,000 வரைக்கும் பொதுத் தகவல் அலுவலர் சம்பளத்துல பிடிக்கலாம். எல்லாரும் இந்த அபராதத்தைத்தான் பேசுவாங்க. அதுக்கு முன்னாடி, நாலாம் பிரிவுலயே, ஆவணத்தையெல்லாம் பட்டியல் போட்டு அட்டவணைப்படுத்தி வெக்கணும்னு எழுதியிருக்கு. அதைப் படிச்சவன் அந்த அபராதத்துக்குப் பயப்பட வேண்டியதில்ல. படிக்காதவங்க ஒரு பதில் தயார் பண்ணி வெச்சிருக்காங்க: 'அலுவலகத்தில் நன்கு தேடிப் பார்த்ததில் மேற்படி கோப்பு கிடைக்கப்பெறவில்லை.' எவ்வளவு பணிவு பாரு! யாரு தேடுனா, எந்த ரேக்குல தேடுனா, எத்தனை மணி நேரம் தேடுனான்னு ஒண்ணும் இருக்காது. தரக்கூடாத தகவல் எதெதுன்னு எட்டாம் பிரிவுல ஒரு பட்டியல் இருக்கு. நாட்டுப் பாதுகாப்பு, அமைச்சரவைத் தாளு, அடுத்தவன் அந்தரங்கம்னு வரிசையா வரும். எத்தனை தரம் படிச்சாலும் அதுல 'காணும்'னு ஒரு வகை இல்ல. டெல்லி ஐகோர்ட்டும் 2013-ல இதையேதான் சொல்லுச்சு: ஒரு காலத்துல ஆபீசுல இருந்த தகவல இப்பக் காணும்னு சொல்லித் தப்பிக்க முடியாது, முழுசாத் தேடணும், தொலைஞ்சிருந்தா யாரு பொறுப்புன்னு விசாரிக்கணும். விசாரிச்சா யாரு பேரு வரும்? கடைசியா சீட்டுல கையெழுத்துப் போட்டவரு பேரு. சீட்டே இல்லேன்னா, ரெக்கார்டு கிளார்க் பேரு.

அதனாலதான் இப்பப் பூரா ஸ்கேன் பண்ணுதாங்க. இ-ஆபீசு வந்துட்டு, இனி கோப்பே தொலையாதுன்னு உங்க சூப்பிரண்டு சொல்லுவாரு. தலையாட்டிக்கோ. ஸ்கேன் பண்ணுற பையனுக்குப் பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. அவன் புல எண்ணைப் பாப்பானா, பக்கத்தை எண்ணுவானா? தலைகீழா ஒண்ணு, பின்பக்கம் விட்டு ஒண்ணு, மடிச்ச வரைபடத்தை மடிச்சபடியே ஒண்ணு. கோப்புக்குப் பேரு 'ஸ்கேன்0001'. நம்ம 'மனு - தொடர்பாக'வோட பேரன் அது. ஸ்கேன் ஆயிட்டுல்லா, இனி தாளைக் கழிச்சுருவோமான்னு ஒருத்தன் கேப்பான். ஒவ்வொரு பக்கமும் வெளங்குதான்னு பாத்து, ஒருத்தன் கையெழுத்துப் போட்டு, கழிக்கலாம்னு உத்தரவும் வார வரைக்கும் தாளைத் தொட விடாத.

தாசில்தாரோட டிஜிட்டல் கையெழுத்துக் குச்சி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் ஒரு கண்ணு வெச்சுக்கோ. அவருகிட்ட இருக்கணும். அது ஆப்பரேட்டர் மேசை டிராயர்ல, பபிள்கம்முக்குப் பக்கத்துல கெடந்தா நீ பாக்காத மாதிரி வந்துராத.

வாட்சப்புல உத்தரவு வாரது இன்னொரு கூத்து. "உடனே செய்யவும்"னு மேலருந்து ஒரு மெசேஜ் வரும், கட்டை விரலைத் தூக்கிக் காட்டி ஒரு படமும் வரும். நீயும் செஞ்சிருவே. ஆறு மாசம் கழிச்சு யாரு சொல்லிச் செஞ்சேன்னு கேட்டா, அனுப்புனவரு போன மாத்தியிருப்பாரு. குரூப்பையே கலைச்சிருப்பாங்க. அந்த மெசேஜை அன்னைக்கே பிரிண்ட் எடுத்து, கீழ தேதியும் நேரமும் எழுதி, 'வாட்சப்பில் பெறப்பட்ட அறிவுரைப்படி'ன்னு குறிப்புக் கோப்புல ஏத்திரு. கொஞ்ச நாள்ல உனக்கு வாட்சப்புல உத்தரவு வாரதே நின்னு போவும். எழுதி வெக்கிறவன்னு பேரு வாங்கிட்டேன்னா, எழுதக்கூடாத சோலியை எவனும் உங்கிட்டக் கொண்டு வர மாட்டான். எனக்குத் தெரிஞ்சு இந்த உத்தியோகத்துல கெடைக்கிற ஒரே கிம்பளம் இதுதான்.

ஜமாபந்தி நெருங்குனா எல்லாம் சுத்தமாவும். பசலிக் கணக்கை முடிக்க, புதுச் செவப்புத் துணி வாங்கி வி.ஏ.ஓ.க்கள் கட்டை மறுபடியும் கட்டுவாங்க. ஜமாபந்தி அதிகாரி துணியைப் பாத்துத் திருப்திப்பட்டுருவாரு. நீ அந்த நேரத்துல கிராமக் கணக்கை ஒரு தரம் ஒத்துப் பாத்துக்கோ. வருசம் பூராவும் ஆபீசுக்கு வராத புத்தகமெல்லாம் அந்த வாரம் வந்திருக்கும், விட்டா அடுத்த பசலிதான்.

சரி, திங்கக்கிழமை போய்ச் சேரு. சேந்த அன்னைக்கே கட்டையெல்லாம் பிரிக்கப் போவாத, மூணு நாள்ல சளி பிடிச்சு அம்மைக்கிட்டத் திட்டு வாங்குவே. முன்ன இருந்தவரு குடுக்கிற பொறுப்புப் பட்டியலைக் கையில வாங்கி, ஒவ்வொரு ரேக்குக்கும் அவரையும் கூட்டிட்டுப் போய் நின்னு எண்ணிப் பாரு. இல்லாததுக்கு நேரா 'இல்லை'ன்னு எழுதச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு. அவரு மூஞ்சி சுருங்கும். ஒரு டீ வாங்கிக் குடு. அப்புறம் ஒரு தடிச்ச நோட்டு, நாடா, பசை, சாக்பீசு. ஒரு நாளைக்கு ஒரு கட்டு. வருவாய் கிராமம் வாரியா, புல எண் வாரியா எழுதிக்கிட்டே போ. ராசா உத்தியோகம் போயிருமேன்னு பயமா இருந்தா நோட்டை யாருக்கும் காட்டாத. ரெண்டு வருசம் கழிச்சு உனக்கே மனசு மாறும்.

முக்கியமா ஒண்ணு. ரெக்கார்டு ரூமுக்கு ரெண்டு சாவி இருக்கும். ஒண்ணு உங்கிட்ட, இன்னொண்ணு எங்கயோன்னு சொல்லுவாங்க. அந்த 'எங்கயோ'வை மொத வாரத்துலயே கண்டுபிடிச்சு, பேரு எழுதிக் கவர்ல போட்டு ஒட்டி சூப்பிரண்டுகிட்டக் குடுத்துரு. தை மாசம் உனக்குப் பொண்ணு பாக்கப் போறோம். முகூர்த்தத்தன்னைக்கு ஐகோர்ட்டு வாய்தா வந்து, ஆபீசுல இருந்து நாலு பேரு மணவறைக்கு வந்து சாவி கேட்டாங்கன்னா, பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன். பந்தியில உக்காந்துட்டேன்னா எந்திரிக்கவும் மாட்டேன்.